விதைநெல்லை முளைக்கவிட்டுப் பார்த்தோமா?

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, கணினி அறிவியல்



நம் துறை மாணவர் எவருடைய ஆய்வகப் பதிவேட்டையாவது வாங்கிப் புரட்டிப் பாருங்கள். தரவுத்தளப் பாடத்துக்கென்று பன்னிரண்டு பயிற்சிகள் இருக்கும். அட்டவணை ஆக்குவது முதல் பயிற்சி. நிரப்புவது, திருத்துவது, இணைத்துப் பார்ப்பது எல்லாம் வரிசையாக வரும். அழிப்பதற்கும் குறைவில்லை. டெலீட், ட்ரங்கேட், ட்ராப் என்னும் மூவகை அழிவையும் வேறுபடுத்தி எழுதினால் ஐந்து மதிப்பெண் உண்டு. அழித்ததைத் திரும்பக் கொண்டுவருவது எந்தப் பயிற்சியில் இருக்கிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது. பாடநூலில் பேக்கப் என்னும் காப்புநகல் பற்றி முக்கால் பக்கம் இருக்கிறது. அதைத் தேர்வுக்கு முதல் நாள் இரவு படித்து, மறுநாள் எழுதி, அன்று மாலையே மறந்துவிடுகிறோம்.

அழிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆய்வகம் மீட்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் முழுத் தரவுத்தளத்தை மீட்பது போதாது. அதிலுள்ள ஒரே ஓர் அட்டவணையை, மற்றவற்றுக்கு ஊறு நேராமல் மீட்கத் தெரிந்த பிறகே ஒரு மாணவருக்குச் செய்முறைத் தேர்வில் தேர்ச்சி என்று கையெழுத்திட வேண்டும்.

“முழுவதையும் மீட்கத் தெரிந்தால் ஒன்றை மீட்பது பெரிய காரியமா?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நடைமுறை தலைகீழாக இருக்கிறது. வட்டு எரிந்து எல்லாமே போவது எப்போதோ ஒருமுறை நடப்பது. அப்போது எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பழைய நகலை அப்படியே கொட்டிவிடலாம், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அன்றாடம் நேர்வது வேறு. ஒருவர் ‘வேர்’ என்னும் நிபந்தனையை எழுத மறந்து ஒரு டெலீட் கட்டளையைத் தட்டிவிடுகிறார். ஓர் அட்டவணை காலியாகிவிடுகிறது. மற்ற பத்து அட்டவணைகளும் நலமாக இருக்கின்றன. அவற்றில் வேலையும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது பழைய நகலை முழுவதுமாகக் கொட்டினால் ஒருவர் செய்த பிழைக்குப் பத்துப் பேரின் உழைப்பு பலியாகும்.

எட்கர் எஃப். காட் என்னும் ஆங்கிலேயர் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். ‘ரிலேஷன்’ என்று அவர் சொன்னது கணிதப் பொருளில் அட்டவணையையே. அட்டவணைகளுக்கு இடையேயுள்ள உறவை அன்று. (இதை மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் நம் வகுப்பில் பலர்.) ஆயினும் ஓர் அட்டவணையின் எண் மற்றோர் அட்டவணையில் போய் உட்கார்ந்திருப்பதால்தான் தரவுத்தளம் என்பதே பொருள்படுகிறது. ஓலைச்சுவடியில் ஓர் ஏடு தொலைந்தால் வேறொரு படியிலிருந்து அந்த ஏட்டை எழுதிச் சேர்க்கலாம். ஆனால் அடுத்த ஏட்டின் முதல் அடி அதனோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் சேர்த்தால் அதைச் சுவடி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நம் ஆய்வகத்தில் நடந்ததையே சொல்கிறேன். சென்ற பருவத்தில் நாங்கள் மூவர் சேர்ந்து நூலகத்துக்கு ஒரு செயலி செய்தோம். மாணவர், நூல், வழங்கல் என மூன்று அட்டவணைகள். எந்த மாணவர் எந்த நூலை எடுத்தார் என்பது வழங்கலில் இருக்கும்; மாணவர் எண்ணை அது ஃபாரின் கீயாகத் தாங்கி நிற்கும். மாணவரை நீக்கினால் அவருடைய வழங்கல் பதிவுகளும் தாமே நீங்கும்படி ‘கேஸ்கேட்’ என்று அமைத்திருந்தோம். பாடநூலில் அப்படித்தான் இருந்தது. ஒரு செவ்வாய் மாலை எங்களில் ஒருவர் மாணவர் அட்டவணையில் ஒரு சோதனைப் பதிவை நீக்கப் போய், நிபந்தனை இல்லாமல் கட்டளையைக் கொடுத்துவிட்டார். 240 மாணவர்களும் மறைந்தார்கள். அவர்களோடு 612 வழங்கல் பதிவுகளும் சத்தமில்லாமல் மறைந்தன. அதை அன்று யாரும் கவனிக்கவில்லை. மணி ஐந்தாகிவிட்டது, வழக்கம்போல் எல்லா இயந்திரங்களையும் அணைத்துவிட்டுப் பேருந்து பிடிக்க ஓடினோம்.

மறுநாள் காலை வேறு பிரிவினர் வந்து, அட்டவணை காலியாக இருப்பதைப் பார்த்து, இன்னும் நிரப்பவில்லை போலும் என்று எண்ணித் தங்கள் பெயர்கள் பன்னிரண்டை நிரப்பினார்கள். இங்கேதான் கதை முறுக்கிக்கொள்கிறது. எங்கள் ஆய்வகத்தில் இருப்பது மை.எஸ்.க்யூ.எல். 5.7ஆம் பதிப்பு. தானாக ஏறும் எண்ணை அந்தப் பதிப்பு நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கும். சேவையகத்தை அணைத்து எழுப்பினால், அட்டவணையில் மிஞ்சியிருக்கும் பெரிய எண்ணுக்கு அடுத்ததிலிருந்து தொடங்கும். 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் இந்தக் குறை தீர்ந்தது. எங்கள் அட்டவணை காலி. ஆகவே எண் ஒன்றிலிருந்து தொடங்கியது. புதியவர்கள் பன்னிருவருக்கும் 1 முதல் 12 வரை எண்கள். அந்த எண்களுக்குப் பழைய உரிமையாளர்கள் பன்னிருவர் ஏற்கெனவே உண்டு!

எங்களிடம் வெள்ளிக்கிழமை எடுத்த நகல் கோப்பு ஒன்று இருந்தது. “அப்பாடா, இருக்கிறதே!” என்று மகிழ்ந்தோம். அதை அப்படியே ஓடவிடலாம் என்றார் ஒரு தோழர். நல்லவேளையாக எங்கள் ஆசிரியை, “கொஞ்சம் பொறும்மா, முதல்ல அந்தக் கோப்பைத் திறந்து படி” என்றார். மை.எஸ்.க்யூ.எல். டம்ப் என்னும் கருவி எழுதித்தரும் நகல் வெறும் எழுத்துக் கோப்புதான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்துப் பார்த்தோம். ஒவ்வோர் அட்டவணைக்கும் தலைப்பில் முதல் கட்டளையே ‘இந்த அட்டவணை இருந்தால் ட்ராப் செய்’ என்பது! நாம் வேறு சொல்லாவிட்டால் அந்தக் கருவி அப்படித்தான் எழுதும். ஓடவிட்டிருந்தால் புதிய பன்னிருவரும் போயிருப்பார்கள். வெள்ளிக்குப் பிறகு நூல் அட்டவணையில் ஏற்றியதும் போயிருக்கும்.

அதற்கும் மேலே இன்னொரு வரி இருந்தது. ஃபாரின் கீ சரிபார்ப்பை நிறுத்திவை என்பது அதன் பொருள். அட்டவணைகள் எந்த வரிசையில் வந்தாலும் ஏறவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் விளைவைப் பாருங்கள். சரிபார்ப்பை மீண்டும் இயக்கினாலும், இடையில் நுழைந்துவிட்ட பதிவுகளை அது திரும்பிப் பார்ப்பதில்லை. வழங்கல் அட்டவணையை மட்டும் தனியே மீட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இல்லாத மாணவர் எண்ணுக்கு நூல் கொடுத்ததாகப் பதிவுகள் ஏறியிருக்கும். ஒரு பிழைச் செய்தியும் வந்திராது. எண் ஒன்று முதல் பன்னிரண்டு வரை இருக்கும் புதியவர்களோ, தாம் கண்ணால்கூடப் பார்க்காத புத்தகங்களுக்கு அபராதம் கட்ட வேண்டியிருக்கும். கணினி சொன்னதை மறுக்க நூலகத்தில் யாருக்குத் துணிவு வரும்?

இறுதியில் செய்தது இதுதான். வேறு பெயரில் ஒரு வெற்றுத் தரவுத்தளம் ஆக்கி, வெள்ளிக்கிழமை நகலை அதில் கொட்டினோம். புதியவர்கள் பன்னிருவருக்கும் 240க்கு மேற்பட்ட புது எண்கள் கொடுத்தோம். பிறகு பழைய மாணவர்களை அந்த வெற்றிடத்திலிருந்து எடுத்து நடப்பு அட்டவணையில் சேர்த்தோம். தாய் அட்டவணை நிறைந்த பின்னரே பிள்ளை அட்டவணையான வழங்கலைச் சேர்த்தோம். எத்தனை பதிவுகள் என்று இரு பக்கமும் எண்ணினோம். தாயில்லாப் பிள்ளைகள் உண்டா என்று ‘லெஃப்ட் ஜாயின்’ போட்டுத் தேடினோம். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில் நடந்த வழங்கல்களை நூலகத்தின் நோட்டைப் பார்த்துக் கையால் ஏற்றினோம். இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில் ஒரு பருவத்தில் கற்றதைவிட மிகுதியாகக் கற்றேன் என்றால் மிகையாகாது.

வேறு மென்பொருளானால் இந்தத் தொல்லை இராது என்று எண்ண வேண்டா. போஸ்ட்கிரஸ் மென்பொருளின் பி.ஜி. டம்ப் கருவியிடம் ஓர் அட்டவணையை மட்டும் கேட்டால் கொடுக்கும். ஆனால் அந்த அட்டவணை சார்ந்து நிற்கும் பிறவற்றை எடுப்பதில்லை. வெற்றுத் தரவுத்தளத்தில் அது தனியாக ஏறும் என்பதற்கு உறுதி இல்லை என்று அதன் கையேடே வெளிப்படையாகக் கூறுகிறது. முழு நகலிலிருந்து ஒன்றை மட்டும் உருவும் பி.ஜி. ரீஸ்டோர் கருவியோ, அட்டவணையைத் தரும், அதன் இண்டெக்ஸ்களைத் தராது. இரண்டு கருவிகளுக்கும் ‘டி’ என்ற ஒரே எழுத்துதான் குறி. செய்கை மட்டும் வேறு வேறு! மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் ஓர் அட்டவணையை மட்டும் மீட்கும் கட்டளையே கிடையாது; முழு நகலை வேறிடத்தில் எழுப்பி அதிலிருந்து எடுத்துவர வேண்டும். ஆரக்கிள் 2003இல் 10ஜி பதிப்பில் ஒரு குப்பைத்தொட்டியை வைத்தது; ட்ராப் செய்த அட்டவணையை அதிலிருந்து பொறுக்கி எடுக்கலாம். ட்ரங்கேட் செய்தால் தொட்டியில் ஒன்றும் இராது. பொறுக்கி எடுத்த அட்டவணைக்கும் அதன் ஃபாரின் கீ திரும்பி வராது. 12சி பதிப்பில், ஓர் அட்டவணையைக் கேட்டால் பின்னால் ஒரு தற்காலிகத் தரவுத்தளத்தையே எழுப்பி, அதிலிருந்து எடுத்துத் தரும்படி செய்தார்கள். ஆக, நாங்கள் மூவர் இரண்டு நாள் கையால் செய்ததைத்தான் அந்தப் பெரிய நிறுவனமும் இயந்திரத்தைக்கொண்டு செய்விக்கிறது! இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இனி, “கமிட் செய்யாமல் ரோல்பேக் செய்தால் போயிற்று” என்பார் ஒரு சாரார். மை.எஸ்.க்யூ.எல். இயல்பாகவே ஒவ்வொரு கட்டளையையும் உடனுக்குடன் கமிட் செய்துவிடும். அதை நிறுத்திவைத்தாலும் ட்ராப், ட்ரங்கேட் இரண்டும் தாமாகவே கமிட் ஆகிவிடும். போஸ்ட்கிரஸ் இவ்வகையில் பெருந்தன்மையானது. பரிவர்த்தனைக்குள் செய்த ட்ராப்பையும் திரும்பப் பெறலாம். ஆனால் கமிட் ஆனபின் அங்கும் வழியில்லை.

“லாக் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?” என்பார் இன்னொரு சாரார். மாற்றத்தை முதலில் லாக்கில் எழுது, பிறகு தரவில் எழுது என்னும் கொள்கையின்மேல் எழுந்த ஏரீஸ் என்ற மீட்புமுறையை உலகுக்குத் தந்தவர்களில் முதன்மையானவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சி. மோகன். ஐ.பி.எம். ஆய்வாளராக இருந்து சகாக்களோடு 1992இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் உலகெங்கும் பாடமாக இருக்கிறது. நமக்குப் பெருமைதான். ஆனால் அது காப்பது மின்சாரம் போனதிலிருந்தும் இயந்திரம் விழுந்ததிலிருந்தும். நாம் தெரிந்தோ தெரியாமலோ கமிட் செய்த அழிவை அது உண்மையான கட்டளை என்றே மதித்து, மின்சாரம் வந்தபின் ஒரு எழுத்துப் பிசகாமல் மீண்டும் நிறைவேற்றி வைக்கும்! பழைய நகல் ஒன்று இருந்து, அன்றுமுதல் லாக்குகளும் சிதையாமல் இருந்தால், அழிவுக்கு ஒரு நொடி முன்புவரை ஓட்டிச் சென்று நிறுத்தலாம் என்பது மெய். அதற்கும் அந்த நகல் வேண்டுமே?

நகல் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குபவர்களுக்குக் கிட்லேப் நிறுவனத்தின் கதையைச் சொல்ல வேண்டும். உலகெங்கும் நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் இடம் அது. 2017 ஜனவரி 31 இரவு அங்கே ஒரு பொறியாளர், துணைச் சேவையகத்தில் அழிக்க நினைத்த கோப்புறையை முதன்மைச் சேவையகத்தில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் எஞ்சியது 4.5 ஜிகாபைட்தான். பரவாயில்லை, காக்கும் வழிகள் ஐந்து வைத்திருக்கிறோமே என்று ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். நாள்தோறும் எடுத்ததாக நம்பியிருந்த நகல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. 9.6 பதிப்புத் தரவுத்தளத்துக்கு 9.2 பதிப்பின் டம்ப் கருவி ஓடி, ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றதாக அது அனுப்பிய மின்னஞ்சல்களும் சரிபார்ப்புக் குறையால் திருப்பப்பட்டு, யார் கண்ணிலும் படவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த படிமம் ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தில் பதிந்த சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதுப் பயனர் கணக்குகள் போயே போய்விட்டன. இவ்வளவையும் மறைக்காமல் உலகறிய எழுதி வைத்தார்களே, அந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும்.

எங்கள் அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்துவிட்டோம் என்று அவர் சும்மா இருப்பதில்லை. நாற்றங்கால் போடுமுன் நூறு நெல்லை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி, திண்ணை மூலையில் வைப்பார். சில நாள் கழித்துப் பிரித்து, முளை கட்டியதை ஒவ்வொன்றாக எண்ணுவார். எண்பது தேறினால் விதை, தேறாவிட்டால் அரிசி. நெல்லுக்கு அரசின் விதைச்சான்று கேட்பதும் குறைந்தது 80 விழுக்காடு முளைப்புத்திறன்தான். கிட்லேப்பின் கதையை அப்பாவிடம் சொன்னேன். “முளைக்க விட்டே பாக்கலியா அவங்க?” என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை, நமக்கென்ன என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்மில் பெரும்பாலோர் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் வாழ்க்கை இன்று எத்தனை அட்டவணைகளில் ஒவ்வொரு வரியாகக் கிடக்கிறது! பட்டா ஒரு வரி, குடும்ப அட்டை ஒரு வரி, சாதிச் சான்று ஒரு வரி, என் உதவித்தொகை ஒரு வரி. இரண்டாண்டுக்கு முன் என் பாட்டிக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த ஒரு சிறு தொகை திடீரென நின்றது. அலுவலகம் ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தாம். “ஆத்தா, சிஸ்டத்துல கோளாறு வந்து பழைய காப்பியைப் போட்டாங்க. அதுக்கப்புறம் சேந்தவங்க பேரு இல்ல. மறுபடி எழுதிக் குடுங்க” என்றார். பாட்டி எழுதத் தெரியாதவர். நான் எழுதிக் கொடுத்தேன். தொகை மீண்டும் வர நாலு மாதம் ஆயிற்று. விட்டுப்போன மாதங்களுக்கு வரவேயில்லை. எழுதிக் கொடுக்கப் பேத்தி இல்லாத பாட்டிகள் அந்த அட்டவணையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பழைய நகலைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு, விடுபட்டவற்றை மட்டும் சேர்க்கத் தெரிந்த ஒருவர் அன்று இருந்திருந்தால் போதுமே!

அந்த ஒருவர் நாளை நம்மில் யாராவதாகத்தான் இருப்பார். நம் சீனியர்கள் பலர் வேலையில் அமர்ந்திருப்பது மாவட்ட அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் உள்ள கணினிகளின் முன்னால்தான். பெரிய நிறுவனங்களில் ஒருவர் தடுக்கி விழுந்தால் தாங்க இருபது பேர் இருப்பார்கள். இந்த இடங்களில் நம்மவர் ஒருவரே இருப்பார். ஒரு தவறான கட்டளைக்குப் பிறகு அவர் தன் நினைவில் உள்ள முக்கால் பக்கத்தைத்தான் நம்ப வேண்டும்.

‘மேகம்’ வந்துவிட்டது, எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்னும் வாதத்தையும் கேட்டிருக்கிறேன். அமேசானின் ஆர்.டி.எஸ். சேவையில் ஒரு படிமத்தை மீட்டால், அது புதியதொரு தரவுத்தளச் சேவையகமாகவே எழும், ஓடிக்கொண்டிருப்பதன்மேல் ஏறாது. அங்கிருந்து ஓர் அட்டவணையை எடுத்துவந்து சேர்க்கும் வேலை மறுபடியும் நம் தலையில்தான். இரண்டாவது சேவையகத்துக்கு உடனுக்குடன் பிரதி போகிறதே என்றால், நம் டெலீட்டும் உடனுக்குடன் அங்கே போய்ச் சேரும்.

பாடத்திட்டத்தில் இடமில்லை, ஆய்வகத்தில் இயந்திரங்கள் குறைவு, ஒரு பருவத்துக்கு வேலை நாட்கள் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமே. ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்காரும் துறையில் இருந்துகொண்டு அதை மறுக்க முடியுமா? ஆயினும் இதற்குத் தேவை ஒரு பிற்பகல். மென்பொருளுக்குக் காசு இல்லை. மூவர் ஒரு கணினியில் உட்கார்வது இந்தப் பயிற்சிக்கு மட்டும் வசதி என்றே சொல்வேன்: ஒருவர் அழிக்கட்டும், அதை அறியாத இருவர் மீட்கட்டும். கர்சர் பயிற்சி இரண்டு இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் இதற்கு இடம் கிடைத்துவிடும். கர்சரை விரும்பும் தோழர்கள் என்னைப் பொறுத்தருள்க.

கேட்பதோடு நிற்கக்கூடாது என்று பதின்மூன்றாம் பயிற்சிக்கு ஒரு வினாத்தாள் எழுதித் துறைத் தலைவர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். ஐந்து அட்டவணைகள், ஒரு நகல் கோப்பு, நகல் எடுத்தபின் சேர்ந்த முப்பது புதிய பதிவுகள். ஓர் அட்டவணை மட்டும் காலி. புதிய பதிவில் ஒன்றுகூடக் குறையாமல் அதை மீட்க வேண்டும். நகல் கோப்பிலும் ஓரிடத்தில் பழுது வைத்திருக்கிறேன். எந்த இடம் என்று இங்கே எழுதமாட்டேன். அடுத்த பருவத்து இரண்டாம் ஆண்டினரும் இந்த மலரைப் படிப்பார்கள் அல்லவா?